இருட்டாக வர வேண்டிய டிஷ்

பதினொரு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருக்கும்போதே ரோஸ்லின் வந்து நின்றுவிட்டாள். உள்ளே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஸ்வெட்டரும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்த சௌடேஸ்வரிக்கு, வெளியே செருப்பு கழற்றுகிற சத்தத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒருத்தன் எத்திவிட்டு வருவான், ஒருத்தி உதறிவிட்டு வருவாள், இது மட்டும் குனிந்து கையால் கழற்றி, சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, அப்புறமும் கதவை இரண்டு விரலால் தட்டி, வரலாமா மேடம் என்று கேட்கும். வராமல் வாசலிலேயே படுத்துக்கொள்ளப் போகிறாயா என்ன? முப்பத்தைந்து வயசு. திண்டுக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஏழு வருஷம் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், இருந்த வேலையை விட்டுவிட்டு டாக்டர் பட்டம் வாங்கப் போகிறேன் என்று கோயமுத்தூருக்குக் கிளம்பி வந்திருக்கிறாள். அதுவும் யாரிடம்? புரொபசர் புருஷோத்தமனிடம். விழுவதற்கு ஊரில் வேறு கிணறே இல்லை பாருங்கள். கையில் அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு டிஷ், புளிசாதப் பொட்டலம் மாதிரி. ஒன்றில் புற்றுநோய் செல்கள், இன்னொன்றில் கண்ட்ரோல், அதாவது நோய் இல்லாத சாதுவான செல்கள். முதலாவது ஒளிர வேண்டும், இரண்டாவது இருட்டாக வர வேண்டும். எட்டு மாசமாக இவளுக்கு இரண்டுமே ஒளிர்கிறது. இன்றைக்குப் புதன், வெள்ளிக்கிழமை கமிட்டி. அதற்குள் அந்த இரண்டாவது டிஷ் இருட்டாக வரவில்லையென்றால் இவளுடைய பதிவை ரத்து செய்துவிடுவார்கள், நாலு வருஷம் காலி. இந்தக் கட்டடத்தில் இது எல்லாருக்கும் தெரியும், கேன்டீனில் வர்க்கி எடுத்து வைக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும்.

முதல் டிஷ்ஷைச் சௌடேஸ்வரிதான் ஏற்றினாள். இந்த அறையில் அவளைத் தவிர யாரும் எதையும் தொடக் கூடாது, பதினாறு வருஷமாக அதுதான் சட்டம். மௌஸைத் தொடக் கூடாது, குமிழைத் திருகக் கூடாது, லென்ஸ் பக்கம் மூச்சுகூட விடக் கூடாது. வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம், வேண்டுமானால் சாமி கும்பிட்டுக்கொள்ளலாம். தொட விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு கோடி ரூபாய் மெஷினில் வந்து தேங்காயெண்ணெய்க் கையை வைப்பார்கள், எந்த பட்டன் எதற்கென்றே தெரியாமல் மூன்றைச் சேர்த்து அமுக்குவார்கள், அப்புறம் மேடம் ஸ்க்ரீன் கறுப்பாயிடுச்சு என்று அலறுவார்கள். ஸ்காலர்களாம். லென்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, டிஷ்ஷை இறக்கி, நீல லேசரைத் திறந்தாள். இனி மெஷின் பார்த்துக்கொள்ளும், செல்லை நாற்பது அடுக்காகச் சீவிச் சீவிப் படமெடுக்கும், அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் அறை இருட்டு, ஏசி பதினெட்டு, பக்கத்தில் ஸ்டூலில் ஒரு மனுஷி மூச்சு விடுகிற சத்தம். இவர்கள் செய்கிற வேலைதான் என்ன, சொல்லப் போனால் ஒரு வரி. தலைமுடியை நாலாயிரமாகக் கிழித்தால் என்ன தடிமன் வருமோ அந்த அளவுக்கு ஒரு துகள், நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும், அதன் மேல் ஒரு கொக்கியை ஒட்டி செல்லுக்குள் விட்டால், நோய் உண்டாக்குகிற மூலக்கூறு எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கவ்விக்கொண்டு ஒளிரும், கவ்வாத மீதியைக் கழுவி ஊற்றிவிட வேண்டும். இதற்குப் போய் புருஷோத்தமன் என்ன ஆட்டம் ஆடுகிறார். டார்ச் அடித்துத் திருடனைப் பிடிக்கிறோம் சார் என்பார், வருகிற விருந்தாளி ஒவ்வொருத்தரிடமும், அதே டார்ச், அதே திருடன், ஐந்து வருஷமாக. சொல்லிவிட்டு அவர்கள் சிரிப்பதற்காக ஒரு நிமிஷம் காத்திருப்பார். இந்த மெஷினில் எந்தப் பக்கம் லேசர் வருகிறது என்று கேளுங்கள், அந்த மனுஷனுக்குத் தெரியாது. அங்கி மட்டும் எப்போதும் வெள்ளை வெளேரென்று இருக்கும். வேலை செய்கிறவன் அங்கி அப்படி இருக்குமா?

திரையில் பச்சை ஊறி வந்தது. அழகாகத்தான் வந்தது, செல்லின் ஓரத்தில் வளையம் வளையமாக. ரோஸ்லின் நோட்டில் எதையோ எழுதினாள், இருட்டில் எப்படித்தான் எழுதுகிறாளோ. கெயின் எவ்வளவு மேடம் என்றாள். எழுநூற்று இருபது என்றாள் சௌடேஸ்வரி. கெயின் என்பது வருகிற வெளிச்சத்தை மெஷின் எத்தனை மடங்கு பெருக்கிக் காட்ட வேண்டும் என்கிற அளவு, ரேடியோவில் வால்யூம் மாதிரி, கூட்டினால் ஒன்றுமில்லாததும் ஒளிரும், குறைத்தால் இருப்பதும் மறையும். இதை எதற்கு ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுதுகிறாள்? எழுதி எழுதி என்ன கண்டாள், நோட்டுதான் தீர்ந்தது. கண்ட்ரோலுக்கும் அதேதான் வேண்டும் மேடம், மாத்த வேண்டாம், என்று வேறு சொன்னாள், மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. ஆமாம் அம்மா, இரண்டுக்கும் ஒரே அளவு வைக்க வேண்டும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும். ஒரே அளவில் எடுத்தால்தான் ஒப்பிடவே முடியும், அது எல்.கே.ஜி. பாடம். எல்.கே.ஜி. பாடம்தான். சௌடேஸ்வரி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் ஐஸாக இருந்தது, பல் கூசியது.

அன்றைக்கும் இதே நேரம்தான். ஐந்து வருஷம் இருக்கும். நிதி கொடுக்கிறவர்கள் டெல்லியிலிருந்து நாலு பேர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்கள், பதினொன்றேகாலுக்கு புருஷோத்தமன் இவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார், சென்ட் வாசனை அறை முழுக்க. முதல் டிஷ் ஜம்மென்று வந்தது, எழுநூற்று இருபது. கண்ட்ரோலை ஏற்றினாள், அதிலும் பச்சை தெரிந்தது. அவ்வளவு இல்லை, கொஞ்சம் மங்கல், ஆனால் பச்சைதான். பின்னால் புருஷோத்தமன் ‘ப்ச்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். குறை என்று சொல்லவில்லை, மாற்று என்று சொல்லவில்லை, ஒரு ‘ப்ச்’. கையா போனது, குமிழா திரும்பியது என்று இப்போது நினைத்தாலும் அவளுக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேஜையில் சிந்தினதைத் துடைக்கிற மாதிரி, யாரும் சொல்லாமலே, ஐந்நூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். திரை இருட்டானது. இதுதான் சுத்தம் என்றார் புருஷோத்தமன். அவருக்குத் தெரியவே இல்லை. குமிழ் திரும்பினதைப் பார்க்கவில்லை, அளவைப் பார்க்கவில்லை, கண்ணுக்கு முன்னால் நடந்தது, பேராசிரியர், முப்பது வருஷ அனுபவம், வாயில் ஈ போவது தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் சொல்லியிருப்பாள். சார், கண்ட்ரோலைக் குறைத்து வைத்திருக்கிறேன், விருந்தாளிகள் போனதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் நாலு பேரும் வந்துவிட்டார்கள், டார்ச், திருடன், சிரிப்பு. சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தாள். சாயங்காலம் அந்த மனுஷன் அவளைத் தாண்டிப் போனார், ஒரு நன்றி கிடையாது, ஒரு தலையாட்டல்கூடக் கிடையாது. அப்போது அவளுக்கு ஒரு ஆங்காரம் வந்தது. நீயே கண்டுபிடி. அவ்வளவு பெரிய கொம்பன்தானே, கண்டுபிடியேன் பார்ப்போம்.

கண்டுபிடிக்கவில்லை. படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார், அவர்களும் கண்டுபிடிக்கவில்லை, அட்டைப்படமாகவே போட்டார்கள். அதைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டினார். போகும்போதும் வரும்போதும் சௌடேஸ்வரிக்கு அதைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. ஐந்து வருஷமாக இந்தக் கட்டடத்தில் யாராவது சத்தம் போட்டுப் பேசினால், பெருமை அடித்தால், காரை அவள் ஸ்கூட்டி நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினால், அந்தப் படத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்வாள், போதும், எல்லாருமே ஒரு சாண் குள்ளமாகிவிடுவார்கள். ஒரே ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறாள், வீட்டுக்காரர் நஞ்சப்பனிடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேடிக்கையாகத்தான். அவர் கணபதி ஏரியாவில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறவர், நாள் முழுக்க கேஜை வைத்து அளந்து பார்த்து இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிறவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்க கம்பெனியில ஒரு பீஸ் தப்பாப் போச்சுன்னா வாங்கினவன் கொண்டாந்து மூஞ்சியில எறிவான், உங்ககிட்ட யாரு கொண்டாந்து எறிவாங்க, அதை நெசம்னு நம்பி பொறத்தாண்ட ஒருத்தர் செய்யப் போனா அவங்க கதி என்ன, என்று கேட்டார். லேத்து மனுஷனுக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று எழுந்து போய்விட்டாள். போய் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைத்தாள். அந்தப் பேச்சுக்கு அடுத்த வருஷம்தான் ரோஸ்லின் வந்து சேர்ந்தாள், புருஷோத்தமன் அவளுக்குக் கொடுத்த வேலையே அதே ஒளிர்கிற துகளைப் பத்து வகைச் செல்களில் செய்து காட்டுவது. பொறத்தாண்ட ஒருத்தர், பின்னால் வருகிற ஒருத்தர். அந்தச் சொல் ஏன் இப்படிக் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது?

சரி, அவள் கழுவலாம் இல்லையா, ஒழுங்காகக் கழுவினால் போகலாம் இல்லையா? எட்டு மாசமாக புருஷோத்தமன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், எல்லார் முன்னாலும். உங்களுக்குக் கழுவத் தெரியலை ரோஸ்லின், பாத்திரம் கழுவுவீங்கல்ல, அந்த மாதிரி கழுவுங்க. ஸ்காலர் பசங்கள் சிரித்தார்கள். மூன்று தடவை கழுவுவதை ஆறாக்கினாள், பத்தாக்கினாள், பத்து தடவை கழுவினதில் செல்லே பாதி பெயர்ந்து போய்விட்டது, பாக்கி இருந்த பாதி பச்சையாக ஒளிர்ந்தது. கழுவினால் போகிற பச்சை இல்லை அது. அந்தக் கொக்கி நல்ல செல், கெட்ட செல் எல்லாவற்றையும் பிடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம், ஐந்து வருஷத்துக்கு முன்னாலேயே பிடித்தது, அது சௌடேஸ்வரிக்குத் தெரியும், உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து? அவள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? கமிட்டியில் ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒன்பது பேரையும் அவளுக்குத் தெரியும், ஒருத்தர் தூங்குவார், ஒருத்தர் போனில் பங்குச் சந்தை பார்ப்பார், ஒருத்தர் முறுக்கு வருகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மூஞ்சிகளுக்கு முன்னால் போய் நின்று, குறைத்து வைத்தது நான்தான் என்பதா? அப்போது அவர்கள் பார்ப்பார்களே ஒரு பார்வை. டெக்னீஷியன்தானே, எதைக் கண்டாள், என்கிற பார்வை. அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், பதினாறு வருஷமாக மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அவளே பழகி வைத்திருக்கிற பார்வைதானே. ஏசியை இருபதாக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்படி வாயில்லாப்பூச்சியாக உட்கார்ந்திருந்தால் யார்தான் ஏறி மிதிக்க மாட்டார்கள். ஒரு தடவையாவது சண்டை போட்டாளா, ஒரு தடவையாவது மேஜையைத் தட்டினாளா? மூன்று வாரமாகப் புதன்கிழமை பதினொரு மணி ஸ்லாட்டையே வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறாள், அதே டிஷ், அதே பச்சை, அதே தேங்க்யூ மேடம்.

நாற்பதாவது அடுக்கு முடிந்தது. கண்ட்ரோலை ஏற்றினாள், எண்ணெய் விட்டாள், லேசரைத் திறந்தாள். பச்சை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பார்க்கும்போது என்னவோ செய்தது. ரோஸ்லின் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பூரில் அண்ணன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார் மேடம், அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றாள், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். அழவில்லை. அழுதிருந்தால் சௌடேஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும், அழுகிறவர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. எக்ஸ்போர்ட்டில் போய் என்ன செய்வாள், பனியன் எண்ணுவாளா? நாலு வருஷம், அதற்கு முன்னால் ஏழு வருஷம், பனியன். சௌடேஸ்வரியின் கை குமிழ்மேல் இருந்தது. ஒரு திருகு போதும். இவளுக்கு வேண்டியது ஒரு இருட்டுப் படம், அவ்வளவுதானே. இந்தக் கட்டடத்தில் அதைக் கொடுக்கக்கூடிய ஒரே கை இதுதான். ஒரு படம், ஒரு பட்டம், வெள்ளிக்கிழமை ஒன்பது மூஞ்சியும் தலையாட்டும், எவனும் கண்டுபிடிக்கப் போவதில்லை, கண்டுபிடிக்கிற லட்சணத்தைத்தான் ஐந்து வருஷமாகப் பார்க்கிறோமே. யாரும் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தானமாகக் கொடுத்ததாக இருக்கட்டும், போ, பிழைத்துப் போ. எழுநூற்று இருபது, எழுநூறு. திரை மங்க ஆரம்பித்தது. அறுநூற்று அறுபது. அறுநூறு. வளையங்கள் ஒன்றொன்றாக அவிந்தன.

“ஐந்நூத்தி நாப்பதுல நிறுத்துவீங்க மேடம்,” என்றாள் ரோஸ்லின்.

கை நின்றது. ஐந்நூற்று எழுபதில் நின்றது. ஏசி ஓடுகிற சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, கழுத்து திரும்பவில்லை. திரை வெளிச்சத்தில் ரோஸ்லினுடைய இரண்டு கையும் நோட்டின் மேல் தெரிந்தன, பத்து தடவை கழுவி, இருபது தடவை கழுவி, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்த கைகள். மேற்கொண்டு அவள் சொன்னது கொஞ்சம்தான். ஒவ்வொரு படத்தோடும் மெஷின் தன் அளவுகளையும் தானாகவே எழுதி வைத்துக்கொள்கிறது, மேடத்துக்குத் தெரியாதது இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த அட்டைப்படத்தின் மூலக் கோப்பைச் சர்வரில் தேடி எடுத்து, திறந்து பார்த்திருக்கிறாள். முதல் படம் எழுநூற்று இருபது, இரண்டாவது ஐந்நூற்று நாற்பது, கீழே ஆபரேட்டர் என்கிற இடத்தில் சௌடேஸ்வரியின் பெயர். வேறு யாரும் இதுவரைக்கும் திறந்து பார்க்கவில்லை, திறக்கிற மாதிரியும் தெரியவில்லை.

மூன்று வாரம். மூன்று புதன்கிழமை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கெயின் எவ்வளவு மேடம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது இதற்கா? அசடு என்று நினைத்ததே, வாயில்லாப்பூச்சி என்று நினைத்ததே. எழுத எழுத சௌடேஸ்வரியின் வாய்க்கு எதிரே ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள், மேடம் இதோ சொல்லுங்கள், இப்போது சொல்லுங்கள் என்று. அந்தக் கதவு வழியாக வாராவாரம் பார்த்துக்கொண்டு, இவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம்.

“ஏன் நீங்களே சொல்லலை?” என்றாள் சௌடேஸ்வரி. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“கழுவத் தெரியாதவ பழி போடுறாம்பாங்க மேடம். நீங்க சொன்னாத்தான் நிக்கும்.” நோட்டின் ஓரத்தை விரலால் நீவினாள். “இன்னிக்கும் சொல்லலைன்னா விட்டுடலாம்னுதான் வந்தேன். அந்த ஃபைலை நான் யார்கிட்டயும் காட்டலை. காட்டினா உங்க வேலை போயிடும்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் தாங்கவில்லை. திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம், அதையெல்லாம் சௌடேஸ்வரி திருப்பிக் கொடுத்திருப்பாள். இவள் பாவம் பார்த்திருக்கிறாள். நாலு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பார்த்து, தன்னை, பாவம் பார்த்திருக்கிறாள். சௌடேஸ்வரி உள்ளுக்குள் தேடினாள், இவளை மட்டம் தட்ட ஏதாவது ஒன்று அகப்படாதா என்று. செருப்பைக் கையால் கழற்றுகிறவள், குரலே எழும்பாதவள், திண்டுக்கல்காரி. ஒன்றும் ஒட்டவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக இந்த அறையில் அவளைவிடக் குள்ளமாக யாருமே இல்லை, அவமானத்தில் காது மடல் கொதித்தது, அழுகை வரும்போல இருந்தது, அழுவதைவிடச் செத்துப் போகலாம் என்று தோன்றியது. குமிழைப் பிடித்துத் திரும்பவும் எழுநூற்று இருபதுக்குக் கொண்டுவந்தாள். கண்ட்ரோல் முழுக்கப் பச்சையானது. இருக்கிறபடி இருந்தது.

“வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?”

“பத்தரைக்கு மேடம்.”

“பின்னாடி சுவரோரமா உக்காந்து கை தூக்கிட்டு இருக்கிற வேலையெல்லாம் எனக்கு ஆகாது. முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைங்க. அந்த ரெண்டு படத்தையும் நானே கொண்டுவந்து போடறேன், எந்த அளவுல எடுத்தேன்னும் நானே சொல்றேன்.”

சொல்லிவிட்டாள். ரோஸ்லின் அவள் முகத்தையே பார்த்தாள், நிஜமாகச் சொல்கிறாளா என்று பார்க்கிற பார்வை அது, அதில் மரியாதை ஒன்றும் இல்லை. பிறகு தலையை ஆட்டினாள், ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளினாள், வெளியே போய்க் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். தேங்க்யூ மேடம் என்று சொல்லவில்லை. அவள் நன்றி சொல்ல இதில் ஒன்றும் இல்லை என்று சௌடேஸ்வரிக்கே தெரிந்தது. தெரிந்தும், அந்த நடைச் சத்தம் படியிறங்கி முடிகிற வரைக்கும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.